இடது பக்கத்து ஊர்

மே 5, திங்கள்

மாடி வீட்டு மெர்லின் இன்று நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தாள். ஒரு மாதம் தினமும் எழுத வேண்டுமாம். எங்கே போனேன், எந்த வழியாகப் போனேன், வழி எப்படித் தெரிந்தது, பயம் பத்துக்கு எத்தனை. காலேஜில் அவள் செய்கிற ஆராய்ச்சிக்காக. வழி கண்டுபிடிப்பதில் ஆண்கள் எப்படி, பெண்கள் எப்படி, வயதானால் என்ன ஆகிறது, பயந்த சுபாவக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறாளாம். இந்த ஏரியாவில் நாற்பது பேருக்கு நோட்டு கொடுத்திருக்கிறாள்.

"பயந்தவங்க லிஸ்ட்ல என் பேரைத்தான் முதல்ல போட்டிருப்ப" என்றேன்.

"ஆன்ட்டி, நீங்க எல்லா லிஸ்ட்லயும் இருக்கீங்க" என்றாள்.

இவருக்கும் ஒரு நோட்டு. இவர் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயே "அந்த டம்ளரக் கொஞ்சம் மேக்க தள்ளி வையி" என்பார். நோட்டை வாங்கினார், பேனாவை எடுத்தார், முப்பது நாளுக்கும் பயம் என்ற இடத்தில் சைபர் சைபராகப் போட்டு மெர்லினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "போற வழிய நீயே எழுதிக்கம்மா. பயம் மாறாது" என்றார். குணசீலன் என்று பெயர் வைத்தவர்கள் ஒரு குணத்தைக் கூடுதலாகவே வைத்துவிட்டார்கள்.

என் பெயர் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்தேழு. தனியாக எங்கும் போனதில்லை, இவருடைய ஸ்கூட்டரின் பின்னால்தான். சேலை கட்டியவள் காலை இடது பக்கம் தொங்கப்போட்டுத்தான் உட்கார முடியும். ஆகவே நான் பார்த்த மதுரை இடது பக்கத்து மதுரை மட்டும். வலது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று என் முதுகுக்குத்தான் தெரியும்.

பயம்: 2. (எங்கும் போகவில்லை. நோட்டைப் பார்த்து வந்தது.)

மே 6, செவ்வாய்

காய்கறி மார்க்கெட். காலை ஆறு மணி.

வழி: தெருமுனையில் நீலக் கேட் வீடு, அங்கே இடது. மாவு மில், அங்கே இடது. பெரிய ரோடு ஏறிப் போகிற ரயில்வே பாலத்தின் அடியில் நுழைந்து வெளியே வந்தால் மரக்கடை, மரத்தூள் வாசனை, அங்கே இடது. கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கூடத்து மதில், அதில் ஒரு திமிங்கிலம் வரைந்திருக்கிறது. மதில் முடிந்தால் மார்க்கெட். திரும்பும்போது மார்க்கெட்டைத் தாண்டி இடது, சிக்னலில் நேராகப் பெரிய ரோட்டைக் கடந்து, பெட்ரோல் பங்க், அங்கே இடது, வீடு.

போன வருஷம் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் வந்துவிடும். இப்போது தள்ளிப் போய்விட்டது. இந்த ஊர் பெரிதாகிக்கொண்டே போகிறது.

எனக்கு அதில் குறை இல்லை. அந்த நேரத்து வெளிச்சத்தில் இடது பக்கம் அப்படி இருக்கிறது. மாவு மில்லுக்கு அடுத்த வீட்டில் மாடியே இல்லை, ஆனால் மாடிப்படி இருக்கிறது. பதினாறு படி ஏறி வானத்தில் முடிகிறது. மேல் படியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். தினமும் இருக்கிறாள். பார்த்துக்கொண்டே வந்ததில் கண் செருகிவிட்டது, இவர் முதுகில் சாய்ந்துவிட்டேன். விழித்தபோது மடியில் முருங்கைக்காய்க் கட்டு இருந்தது, வாங்கியதே நினைவில்லை.

பயம்: 1.

மே 9, வெள்ளி

கூழ் வத்தல் இரண்டு ஈடு போட்டேன். கத்திரி வெயிலுக்கு மாடியில் கால் வைக்க முடியவில்லை.

வண்டியின் வலது பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். "நிப்பாட்டி வச்சிருந்தப்ப எவனோ உரசிட்டுப் போயிருக்கான்" என்றார். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நூலகம் போனோம், மார்க்கெட் வழியேதான். நூலகம் முன்பு எதிர்த் தெருவில் இருந்ததாக ஞாபகம்.

பயம்: 2.

மே 11, ஞாயிறு

மெர்லின் மகள் ஜோவிட்டா ஜூன் மாதம் யூகேஜி போகிறாள். மெர்லின் கணவர் குவைத்தில். காலையில் ஏழே முக்காலுக்கு மெர்லின் பஸ் பிடிக்க வேண்டும், திமிங்கிலம் வரைந்த அந்தப் பள்ளிக்கூடம் எட்டரைக்கு. வேன்காரர் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்றுவிட்டார். மூன்று வாரமாக அலைகிறாள்.

இன்று மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் பேப்பரைக் கீழே வைத்தார். "நான் ஒருத்தன் வண்டிய வச்சுக்கிட்டு வெட்டியா உக்காந்திருக்கேன், நீ வேனைத் தேடுறியா? பிள்ளைய நான் கொண்டுபோயி விடுறேன். முன்னாடி நிக்கட்டும், காத்தாடப் போயிருவோம்."

மெர்லின் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஜோவிட்டா உடனே போய் வண்டியில் முன்பக்கம் ஏறி நின்று ஹாரனை அமுக்கியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. நான் உள்ளே போய் எல்லாருக்கும் காபி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

பயம்: எழுத விட்டுப்போயிற்று.

மே 14, புதன்

மெர்லின் நோட்டைப் பார்க்க வந்தாள். நன்றாக எழுதுகிறேனாம், மற்றவர்கள் "மார்க்கெட், பயம் 3" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்களாம். ஆண்கள் திசையும் தூரமும் எழுதுகிறார்கள், பெண்கள் கடையும் மரமும் எழுதுகிறார்கள், இருபது வயசுக்காரர்கள் போனைப் பார்த்தேன் என்று எழுதுகிறார்கள் என்றாள். பயம் அதிகமானால் மனிதர்கள் தெரிந்த வழியை விட்டு நகரவே மாட்டார்களாம், சுற்றாக இருந்தாலும் அதே வழிதானாம். அதற்கு ஒரு பெயரும் சொன்னாள், மறந்துவிட்டேன்.

பிறகு நான் எழுதிய மார்க்கெட் வழியை ஒரு தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தாள். சிரித்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள் ஏன் வலது பக்கம் திரும்பவே மாட்டேங்குறாரு?"

"அந்தப் பக்கம் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்கள்ல" என்றேன். வாய் தானாகச் சொன்னது. எங்கும் தோண்டவில்லை.

பயம்: 3.

மே 15, வியாழன்

எங்கும் போகவில்லை. பயம்: 9.

மே 17, சனி

இந்தப் பக்கத்தை மெர்லினிடம் கொடுப்பதற்கு முன் கிழித்துவிட வேண்டும்.

இன்று சாப்பிடும்போது அப்பளத்தை அவர் இலையின் வலது பக்கம் வைத்துவிட்டேன், கை மறதியாக. சாப்பிட்டு முடித்து, "அப்பளம் பொரிக்கலையா?" என்று கேட்டார். அப்பளம் அவர் கையிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தது. "நமுத்துப் போச்சுங்க, வேண்டாம்னு விட்டுட்டேன்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனேன்.

தண்ணீர்ச் செம்பு, உப்புக் கிண்ணம், பேப்பர், கண்ணாடிக் கூடு எல்லாம் அவருக்கு இடது பக்கமாக நான் மாற்றி வைத்துக் கார்த்திகையிலிருந்து ஆகிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் எனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை, கை மட்டும் செய்துகொண்டிருந்தது. கார்த்திகையில்தான் மார்க்கெட்டும் தள்ளிப் போனது.

நான் பின்னால் உட்கார்ந்து இடது பக்கம் பார்க்கிறேன். அவருக்கும் இப்போது இடது பக்கம்தான் தெரிகிறது. வலது பக்கத்துக்கு எங்கள் இருவரில் ஆள் இல்லை.

இனி முன்னால் ஒரு பிள்ளை வேறு நிற்கப் போகிறது.

ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இவர் மனசு உடையும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி, வண்டி நின்றால் நானும் நின்றுவிடுவேன். அந்தப் படியில் தலை உலர்த்துகிற அம்மாள், மரத்தூள் வாசனை, காலை ஆறு மணி வெளிச்சம், எல்லாம் போய்விடும். இரண்டு பேர் உயிரை வைத்து நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். கேவலமான எண்ணம்தான். ஆனால் இருந்தது.

மே 20, செவ்வாய்

ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளையை நானே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட முடிந்தால் இவரிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. 'எனக்கு நடை நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு, நானே கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்லிவிடலாம். அதற்கு எனக்கு முதலில் வழி தெரிய வேண்டும்.

கோயிலுக்கு என்று சொல்லி ஏழு மணிக்குக் கிளம்பினேன். நீலக் கேட், மாவு மில், பாலம், மரக்கடை, திமிங்கிலம். வழி தப்பாமல் போய்ச் சேர்ந்தேன். ஐம்பது நிமிஷம். பள்ளிக்கூட வாசலில் நின்றபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அப்புறம் திரும்பினேன். திரும்பியதும் ஊர் காணாமல் போய்விட்டது.

மரக்கடை இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. போகும்போது பார்த்த சுவர்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நான் அந்தத் தெருவில் எதிர்த்திசையில் வந்ததே கிடையாது. வண்டி வட்டமாகப் போகும், வட்டமாகவே வீட்டுக்கு வரும். ஒரு தெருவுக்கு இரண்டு முகம் உண்டு என்று ஐம்பத்தேழு வயதில் தெரிந்துகொள்கிறேன்.

வேப்பமரத்தடியில் ஒரு பெண் கம்மங்கூழ் விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். கூழ் குடித்துக்கொண்டிருந்தவர், "நேரா வடக்க போயி, ரோட்டத் தாண்டி, கொஞ்சம் மேக்க" என்று கையை வீசினார். ஒரு காலேஜ் பெண் போனை நீட்டினாள். அதில் ஒரு நீலப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அதுதான் நானாம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், புள்ளி மட்டும் மெல்ல மெல்ல எங்கோ போய்க்கொண்டிருந்தது.

கூழ்க்காரிதான் சிரித்தாள். "யக்கா, வரும்போது திரும்பிப் பாக்காமலே வந்தீங்களாக்கும்?"

"எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?"

"அப்பப்ப நின்னு திரும்பிப் பாத்துக்கிட்டே போகணும்க்கா. அப்பத்தான் வரும்போது தெருவு நம்மளுக்கு அடையாளம் தெரியும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதுசுல அப்படித்தான் பழகுனேன். உங்க தெரு இந்தா இருக்கு, ரோட்டுக்கு அங்கிட்டு ரெண்டாவது சந்து. இதுக்குப் போயி அழுகுறீங்க."

நான் அழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் நடுவில் பெரிய ரோடு. பத்து நிமிஷம் ஓரத்தில் நின்று பார்த்தேன்.  அந்த இடத்தில் சிக்னலும் இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த வட்டத்தையே முழுவதும் சுற்றினேன். மார்க்கெட், இடது, சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டக் கடந்து, பங்க், இடது. பத்து நிமிஷ வழியை ஒரு மணி நேரத்தில் வந்தேன்.

"எந்தக் கோயிலுக்குப் போன?" என்றார் இவர்.

"தூரத்துக் கோயில்" என்றேன்.

பயம்: 10. பதினொன்று போடலாமா என்று மெர்லினைக் கேட்க வேண்டும்.

மே 22, வியாழன்

கூழ்க்காரி சொன்னபடி பத்தடிக்கு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே பெரிய ரோடு வரை நேர் வழியில் போனேன். ஒரு நாய் கூடவே வந்து, நான் திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பிப் பார்த்தது. இஸ்திரி போடுகிறவர், "யாரும் பின்னாடி வர்றாங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம், வீடு வருகிறது என்று சொல்ல நினைத்தேன்.

ரோட்டோரம் வரை போனேன். கடக்கவில்லை. திரும்பி வருவது சுலபமாக இருந்தது. தெருக்கள் என்னைத் தெரிந்தவர்கள் போல நின்றன.

பயம்: 6.

மே 24, சனி

இன்றும் ரோட்டோரம் நின்றேன். லாரி, பஸ், ஷேர் ஆட்டோ, மறுபடி லாரி. எல்லாம் வலது பக்கத்திலிருந்து வருகின்றன. அந்தப் பக்கம் பார்த்துப் பழக்கமே இல்லை என் கழுத்துக்கு.

அப்போது கொட்டுச் சத்தம். பால்குடம் எடுத்துக்கொண்டு நூறு பெண்கள் மஞ்சள் சேலையில் வந்தார்கள். போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தினார். ஒரு நொடி யோசித்தேன், கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். மஞ்சள் வெள்ளம் என்னைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி ரோட்டைக் கடந்தேன். பக்கத்தில் இருந்தவள், "குடம் எங்கக்கா?" என்றாள். "பின்னால வருது" என்றேன். இறங்கிக்கொள்ள வழி இல்லாமல் அம்மன் கோயில் வரைக்கும் போய், உச்சி வெயிலில் ஈரத் தரையில் நின்று, தலையில் அவர்கள் தெளித்த தண்ணீர் வடிய வடிய, என்ன வேண்டுவதென்று தெரியாமல் நின்றேன். அப்புறம், ஒரு கண்ணாவது மிஞ்ச வேண்டும் என்று கேட்டேன்.

திரும்பும்போதும் அவர்கள் கூட்டத்தோடுதான் ரோட்டைக் கடந்தேன். கோயிலுக்குப் போனேன் என்று இவரிடம் சொன்னது இன்றைக்கு மட்டும் நிஜம்.

பயம்: 5.

மே 26, திங்கள்

காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது இவர் ஜோவிட்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு 'பள்ளிக்கூடத்து வழி பழகிட்டு வர்றோம்' என்று போய்விட்டார். மெர்லின் மாடியிலிருந்து கை ஆட்டினாளாம். நான் ஈரத் தலையோடு வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வாசல் கோலத்தில் ஒரு கோடு முழுவதையும் எறும்புகள் தூக்கிக்கொண்டு போயிருந்தன.

வந்து இறங்கியது பிள்ளை. "ஆன்ட்டி, ஒரு ஆட்டோ மாமா அங்கிளைத் திட்டுனாரு. கண்ணு தெரியலையாய்யான்னு கேட்டாரு. அங்கிள் டுர்ருன்னு வளைச்சு ஓட்டுனாங்க, நான் விழவே இல்ல!"

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டியை நிறுத்தப் போனவர், சைடு ஸ்டாண்டைக் காலால் இரண்டு தடவை தேடினார்.

அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினேன். எண்ணெய் வைத்துப் படிய வாரி இருந்தது, நடுவில் வகிடு. என் ஈரத் தலையைப் பார்த்து, "உங்களுக்குக் குளுருதா ஆன்ட்டி?" என்று கேட்டது.

மே 27, செவ்வாய்

சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். அவர் வீடு முழுக்கத் தேடினார். மேசையின் வலது பக்கத்தைக் கையால் தடவித் தடவித் தேடினார். பார்க்கப் பொறுக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மே 28, புதன்

ரோட்டைக் கடந்தேன். தனியாக. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. பயம் 8. ஆனாலும் கடந்தேன்.

மே 29, வியாழன்

காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன், அவருக்கு வலது பக்கமாக. நான் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. நடை நல்லது, டாக்டர் சொன்னார் என்று நான் தயார் செய்து வைத்திருந்த பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"என்னங்க, பிள்ளைய வண்டியில ஏத்தாதீங்க" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன்?"

"உங்களுக்கு வலது பக்கம் தெரியல."

"தெக்கு வடக்கு தெரியாதவ எனக்குப் பக்கம் சொல்ல வந்துட்டியா?" துணியை வீசினார். "முப்பத்தாறு வருஷம் சங்கிலி பிடிச்சு ஊர அளந்தவன்டி நானு."

"கார்த்திகையிலருந்து நீங்க ஒரு தடவகூட வலது பக்கம் திரும்பல. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

 வண்டியின் சீட்டில் உட்கார்ந்தார். நீலக் கேட் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ஆறு மாசமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா பின்னாடி ஏறி உக்காந்த?"

"ஆமா."

"எதுக்குடி?"

"நீங்க இறக்கி விட்டுட்டா நான் எங்கிட்டுப் போவேன்?"

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை, ஆனால் முகம் அதற்கான இடங்களில் எல்லாம் மாறியது. வண்டியின் டிக்கியைத் திறந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். தை மாதம் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். கண்ணில் பிரஷராம். வலது கண் போனது போனதுதான், இனி வராது, இடது கண்ணைக் காப்பாற்ற இந்தச் சொட்டு மருந்து. டிக்கியில் வைத்து, தெருமுனை டீக்கடையில் வைத்து, யாரும் பார்க்காமல் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஒவ்வொரு நாளும் வண்டிய எடுக்கும்போது இன்னைக்கு எவன் மேல மோதப் போறோமோன்னு இருக்கும் புஷ்பம். ஆனா நீ பாட்டுக்கு முதுகுல சாஞ்சு தூங்குவ. இவளுக்குத் தெரியல, அப்ப ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்குவேன்."

நான் தூங்குவதை வைத்து அவர் தைரியப்பட்டிருக்கிறார். அவர் ஓட்டுவதை வைத்து நான் தூங்கியிருக்கிறேன். இதற்கு எத்தனை மார்க் போடுவது என்று தெரியவில்லை.

மே 31, சனி

இரண்டு நாளாக அவர் வண்டியை எடுக்கவில்லை. சொட்டு மருந்து மட்டும் டிக்கியிலிருந்து அலமாரிக்கு வந்துவிட்டது, இடது ஓரத்தில். வத்தல் காய்ந்துவிட்டது, டப்பாவில் போட்டேன்.

மெர்லின் நோட்டைக் கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்றேன். கிழிக்க வேண்டிய பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். கிழித்தால் அட்டைதான் மிஞ்சும்.

ஜூன் 1, ஞாயிறு

சாயங்காலம் மெர்லின் ஜோவிட்டாவின் புது ஷூவைக் காட்ட அழைத்து வந்தாள். இவர் எழுந்து நின்றார்.

"மெர்லினு, பிள்ளைய நான் கூட்டிட்டுப் போகல. எனக்கு வலது கண்ணு போச்சு. புஷ்பம் நடத்திக் கூட்டிட்டுப் போவா. வழியெல்லாம் பழகி வச்சிருக்கா."

மெர்லின் முதலில் ஐயோ என்றாள், எப்போதிருந்து என்றாள். ஆராய்ச்சிக்காரி அல்லவா, கணக்குப் போட்டுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை பாப்பாவ ஏத்திட்டுப் போனாரே, அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும்."

"குழாய்க்குத் தோண்டியிருக்குன்னு சொன்னீங்களே, அது?"

"பொய்."

பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு படியேறினாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவுக்கு வெளியிலிருந்து நீட்டினேன். "எல்லாம் இதுல இருக்கு. ஒரு பக்கம் கிழிக்கல. படிச்சிட்டு என்ன வேணும்னாலும் சொல்லு" என்றேன். இன்றையதை எழுத வேண்டும் என்று நின்ற இடத்திலேயே அவளிடம் பேனா வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே ஜோவிட்டா புது ஷூவோடு குதிக்கிற சத்தம் கேட்கிறது.

மெர்லின், என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் எனக்கு வழி தெரியும்.

ஜூன் 4, புதன்

நோட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. இதைப் பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதுகிறேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மெர்லின் லீவு போட்டுத் தானே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாள். படியில் இறங்கும்போது எங்கள் வாசலைப் பார்க்கவில்லை. நான் கோலம் போடுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன்.

இன்று எட்டு மணிக்கு வாசலில் நிழல் தெரிந்தது. மெர்லின், கையில் புத்தகப் பை, பக்கத்தில் ஜோவிட்டா. அவள் கண் வீங்கியிருந்தது.

"ரெண்டு தடவ படிச்சேன் ஆன்ட்டி" என்றாள்.  "கோபம் போகல. அது இருக்கட்டும். இன்னைக்கும் லீவு போட்டிருக்கேன், நானும் பின்னாடியே வருவேன், பாக்கணும் எனக்கு."

"வா" என்றேன்.

பிள்ளையின் கை என் கைக்குள் வந்தது. வெதுவெதுப்பாக, பிஸ்கெட் தூளோடு இருந்தது. கிளம்பும்போது இவரும் செருப்பை மாட்டினார்.  வண்டியைத் தாண்டி நடந்து வந்தார், அதைப் பார்க்கவில்லை.

இஸ்திரிக்காரர் வணக்கம் சொன்னார். சந்து முடிந்து பெரிய ரோடு வந்தது. மெர்லின் பத்தடி பின்னால், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். ஜோவிட்டா எனக்கு இடது பக்கம். இவர் அதற்கும் அந்தப் பக்கம் நின்று அதன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். நான் வலது ஓரம். ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது.

ஊரில் யாரிடமும் வழி கேட்காத மனுஷன். மலையடிவாரத்தில் வழி தவறியபோதுகூட ஆடு மேய்க்கிறவரிடம் கேட்காமல் சூரியனைப் பார்த்தே வந்து சேர்ந்ததாகச் சொல்லுவார். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வருதா புஷ்பம்?"

வலது பக்கம் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது, பாலம் வரைக்கும் வெயில் மட்டும் விரிந்து கிடந்தது. ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தபடியே காத்துக்கொண்டு நின்றார்.

"வரல" என்றேன். மூன்று பேரும் இறங்கி நடந்தோம்.